தபிதாள் சொன்ன தடை

தபிதாளுக்கு முப்பத்தேழு வயது. திருத்தணியில் ஜெகநாதன் வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷத்தில் இரண்டு தடவை, "எனக்குக் கல்யாணம், மாசக் கடைசியோட நின்னுக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவையும் பதினைந்து நாள் கழித்து, "தள்ளிப்போயிடுச்சு, இருந்துக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். மூன்றாவது தடவை சொல்லி இப்போது பத்து நாள் ஆகியிருந்தது.

ஜெகநாதனின் மகள் தேவயானி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதல் தடவை புடவை எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது தடவை வாழ்த்து மட்டும் சொன்னாள். இந்தத் தடவை அதுவும் இல்லை.

"சிஸ்டர், அரக்கோணத்துல ஒரு பொண்ணுகிட்ட பேசி முடிச்சுட்டேன். ஒண்ணாம் தேதி வந்துடும். அப்பால நீங்க வந்து இல்லைன்னு நின்னா, நான் அந்தப் பொண்ணை அனுப்பமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"இந்த வாட்டி நடந்துடும்மா."

"போன வாட்டியும் இதையேதான் சொன்னீங்க."

 பதில் கனகம்மாசத்திரத்தில் இருந்தது. அங்கே சென்னை ரோட்டு ஓரத்தில் பந்தலும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்த இஸ்ரேலிடம்.

அவள் பிறந்தது கே.ஜி.கண்டிகை. அப்பா கூலிக்குக் கரும்பு வெட்டப் போனவர். பிளஸ் டூ முடித்ததும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் நோயாளியைப் பராமரிக்கும் பயிற்சி எடுத்தாள். பிறகு சென்னையில் வீடு வீடாகப் பன்னிரண்டு வருஷம். எலும்பு முறிந்தவர்கள், நினைவு தப்பியவர்கள், பெற்ற பிள்ளையே கிட்டே போகத் தயங்கும் புண் வைத்தவர்கள், எல்லாரையும் பார்த்தாயிற்று. அம்மா படுத்த படுக்கையானபோது ஊருக்குத் திரும்பினாள். அம்மாவுக்கு ஒரு படுக்கைப்புண்கூட வராமல்தான் அனுப்பிவைத்தாள்.

அந்தச் சாவுக்குப் பந்தல் போட வந்தவன்தான் இஸ்ரேல். கூட்டம் கலைந்த பிறகும் நாற்காலிகளை எடுக்காமல் இரண்டு நாள் விட்டுவைத்தான். "யாராச்சும் வந்துகினே இருப்பாங்க. வர்றவங்க நிக்கக்கூடாது, இருக்கட்டும்" என்றான். நாற்பது வயது வரைக்கும் கல்யாணம் ஆகாத ஆளுக்கு இவ்வளவு யோசனை இருக்கிறதே என்று தபிதாளுக்குப் பட்டது. அண்ணன் ஜெபக்குமார் மூலம் பேச்சு வந்தபோது சரி என்றாள். அவனும் சரி என்றான். அன்று சொன்ன சரிதான் அவனிடமிருந்து வந்த கடைசி நேரான வார்த்தை.

அவர்கள் சபையில் கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் ஓலை படிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையின் நடுவில், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் வாசிப்பார். மூன்றும் முடிந்தால் கல்யாணம். நடுவில் நின்றால் மறுபடியும் முதலிலிருந்து. முதல் வருஷம் ஒரு ஓலை படித்ததும் ஆடிக்கிருத்திகை வந்தது. மலைக்குக் காவடி வரும் வழியெல்லாம் பந்தல் ஆர்டர், நிமிர நேரமில்லை என்றான். அது நிஜம். இரண்டாவது வருஷம் இரண்டு ஓலை ஆயிற்று. வீட்டுக் கூரை ஒழுகுது, ஷீட் மாற்றாமல் பெண்ணை எங்கே குடிவைப்பது என்றான். அதுவும் நிஜம். ஷீட்டை மாற்றிய பிறகு ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து வந்துவிட்டது, லெந்துவில் கல்யாணம் இல்லை. உயிர்த்தெழுந்த பண்டிகை முடிந்தது, மழை முடிந்தது, அடுத்த லெந்துவும் வந்து போய்விட்டது. இப்போது மூன்றாவது தடவையாக முதல் ஓலை படித்தாயிற்று.

தபிதாளுக்கு ஆத்திரம் ஆள்மீது மட்டும் இல்லை. ஓலை என்றதும் சபையில் பெண்கள் பக்கத்தில் எழும் ஒரு சின்ன அசைவு இருக்கிறதே, முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிப் பார்ப்பது, அதன்மீதும்தான்.

*

ஜெகநாதன் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. கால் கொஞ்சம் திரும்பிவந்தது. பேச்சில் "ஆங்", "போ" இரண்டும் வந்தன. கூடவே ஒரு கெட்ட வார்த்தையும். அதைத் தேவயானி வீட்டில் இருக்கும்போது மட்டும் சொல்வதில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு அவருக்குச் சாப்பாடு. நேராக உட்காரவைத்து, முகவாய் தாழ்த்தி, இடதுபக்கமாக ஊட்ட வேண்டும். அவசரப்படுத்தினால் புரையேறும், நெஞ்சில் இறங்கும், சளி கட்டும். அதனால் முக்கால் மணிநேரம் ஆகும். அந்த முக்கால் மணிநேரத்துக்கு டிவியில் "நாலாவது மாடி" ஓடும்.

அது ஒரு சிரிப்பு நாடகம். சென்னையில் ஏதோ அடுக்குமாடியில் நாலாவது மாடியில் ஒன்றாகக் குடியிருக்கிற நாலு பேர். நாலு பேருக்கும் காதல் உண்டு, நாலு பேருக்கும் கல்யாணம் என்றால் நடுக்கம். பல் டாக்டருக்கு, காதலியிடம் மோதிரத்தை நீட்டினால் விக்கல் எடுக்கும். பாங்கில் வேலை செய்கிற விஜயன் நிச்சயதார்த்தத் தேதி வைத்தால் அன்றைக்கே வெளியூருக்கு டிக்கெட் எடுத்துவிடுவான். எல்லாருக்கும் மேலே ஆகாஷ் என்கிற கதாநாயகன். முந்நூறு நாளாக ஒரே பெண்ணைச் சுற்றிச்சுற்றி வருகிறான். அவள் "எப்போ?" என்று கேட்டால் புதுசு புதுசாக ஒரு காரணம். ஜெகநாதன் இதைப் பார்த்துத்தான் சிரிப்பார். தபிதாள் இதைப் பார்த்துத்தான் திட்டுவாள்.

"சொல்லித் தொலையேண்டா. வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சுகினு கீற? ஐயா, முழுங்குங்க. நல்லா முழுங்குங்க."

இந்தத் தடவை முதல் ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டு வேளையில் இஸ்ரேல் போன் பண்ணியிருந்தான். இழுத்து இழுத்துப் பேசிவிட்டுக் கடைசியில், "கல்யாணம்னு ஒண்ணு ஆயிட்டா நமக்குள்ள இருக்கிற நட்பு போயிடுமோன்னு இருக்குது தபிதா" என்றான். நட்பா? அவளுக்குத் தெரிந்து அவனோடு ரெண்டு மணிநேரம் சேர்ந்தாற்போலப் பேசியது கிடையாது. ஆனாலும் ராத்திரியெல்லாம் அந்த வார்த்தையைத் திருப்பித்திருப்பிப் பார்த்தாள். மறுநாள் மத்தியானம் ஆகாஷ் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு அந்தப் பெண்ணிடம் அதையே சொன்னான்.

"பார்த்தீங்களா ஐயா?" என்றாள் தபிதாள். "எங்க ஆளு நேத்து சொன்னதை இவன் இன்னிக்குச் சொல்றான். ஆம்பளைங்க அத்தனை பேரும் ஒரே அச்சு."

சொல்லும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. டிவிக்குக் கதை எழுதுகிறவர்கள் யோசிப்பதை நம் ஆள் ஒருநாள் முன்னாலேயே யோசித்துவிட்டானே!

முதல் ஓலை முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, இஸ்ரேல் நேரில் வந்தான். பக்கத்துத் தெருவில் காதுகுத்துக்கு நாற்காலி இறக்கிவிட்டு, இரவு எட்டு மணிக்கு மினி லாரியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றான். அன்றைக்குப் புழுக்கம் தாங்காமல் ஜெகநாதன் சக்கர நாற்காலியில் வாசலில் இருந்தார்.

"ஒரு மாதிரியா இருக்குது தபிதா. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

தபிதாள் கேட்டின் கம்பிவழியே கையைப் பிடித்து நாடி பார்த்தாள். எழுபத்தாறு. உள்ளே போய்க் கருவியை எடுத்துவந்து ரத்த அழுத்தமும் பார்த்தாள். அதுவும் ஒரு குறையும் இல்லாமல் கல்லுமாதிரி இருந்தது.

"ஒண்ணும் இல்ல உங்களுக்கு. ராத்திரி கொஞ்சம் உப்பு குறைச்சு சாப்டுங்க."

"அதில்ல." அவன் மலைப்பக்கம் பார்த்தான். "என் மனசு பழைய லிஃப்ட் மாதிரி தபிதா. ஒருத்தர் ஏறினாலே ஆடுது. ரெண்டு பேர் நின்னா அறுந்துடுமோன்னு பயம்."

 பாவம், எவ்வளவு மனசுக்குள் வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். "தைரியமா இருங்க, ரெண்டாவது ஓலை ஞாயித்துக்கிழமை" என்று அனுப்பிவைத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஒரு மணி இருபது நிமிஷம். ஆகாஷ் மின்தூக்கிக்கு முன்னால் நின்றான். நெஞ்சில் கை வைத்தான். என் மனசு பழைய லிஃப்ட் மாதிரி என்றான். ஒருத்தர் ஏறினாலே ஆடுது என்றான்.

கரண்டி பாதிவழியில் நின்றது.

கனகம்மாசத்திரத்தில் லிஃப்ட் எங்கே இருக்கிறது? இருக்கிற கட்டடமே இரண்டு மாடிதான். இஸ்ரேல் ஆயுசில் லிஃப்டில் ஏறியிருப்பானா?

ஜெகநாதனும் நேற்று வாசலில் இருந்து கேட்டவர்தானே. நல்ல கையால் டிவியைக் காட்டினார். பிறகு கேட்டைக் காட்டினார். மறுபடியும் டிவியைக் காட்டினார். சிரிப்பு பொங்கி வந்து புரையேறிவிட்டது. தபிதாள் கிண்ணத்தை வீசிவிட்டு அவரை முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தட்டினாள். இருமி முடித்து, கண்ணில் நீர் வழிய, வாயைக் கோணிக்கோணி அவர் ஒரு வார்த்தையை வெளியே தள்ளினார்.

"டூ...ப்பு."

எட்டு மாதத்தில் அவர் பேசிய முதல் புது வார்த்தை. தபிதாள் அதைத் தேதி போட்டு டாக்டருக்கான நோட்டில் எழுதினாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் தேவயானி வந்ததும் தபிதாள் கேட்டாள். "அம்மா, இந்த நாடகத்தை மத்தியானத்துக்கு முன்னாடி யாராச்சும் பார்க்க முடியுமா?"

"மத்தியானம் போடறது மறு ஒளிபரப்பு சிஸ்டர். முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கே வந்துடுதே. அப்பா அந்நேரம் தூங்கிடறார்னுதானே நாம பார்க்கிறதில்ல. ஏன்?"

"சும்மாதான்" என்றாள் தபிதாள்.

*

வியாழக்கிழமை அவளுக்கு அரைநாள் விடுப்பு. பஸ் ஏறிக் கனகம்மாசத்திரத்தில் இறங்கினாள். இஸ்ரேல் கடைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வா தபிதா. டீ சொல்லட்டா?"

"டீ அப்பால. நீங்க 'நாலாவது மாடி' பார்க்கிறீங்களா?"

"டிவில வருதே, அதா? எப்பனா பார்க்கிறதுதான்."

"எப்பனாவா, தினமுமா?"

தண்ணீர் ஒரே நாற்காலிமீது விழுந்துகொண்டிருந்தது. "தினமும்தான்."

"லிஃப்ட்ல எப்ப ஏறினீங்க?"

அவன் குழாயை மூடினான். கொஞ்சம் சிரித்தான். "நல்லா சொன்னான் இல்ல?"

இதைக் கேட்டதும்தான் அவளுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது.

"நல்லா சொன்னான்! அவனுக்கு எழுதிக் குடுக்க ஆள் இருக்குது. அவன் கல்யாணம் பண்ணிக்கினா நாடகம் முடிஞ்சுபோயிடும், நாலு பேருக்கு வேலை போயிடும், அதனால ஓடறான். நீங்க எதுக்கு ஓடறீங்க? உங்களுக்கு இன்னா முடிஞ்சுபோவுது?"

"கத்தாத, பஸ் ஸ்டாப்புல ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். மூணு வருஷமா சபையே பார்த்துகினு இருக்குது. இவங்களும் பார்க்கட்டும்."

அவன் ஒரு நாற்காலியைக் கவிழ்த்து நீரை வடித்தான். அதை நிமிர்த்தி அவளுக்குப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"எனக்குச் சொல்ல வரல தபிதா. உள்ள இன்னாவோ இருக்குது. இன்னான்னு சொல்ல வரல. அவன் சொல்லும்போது, ஆங், இதான்யா நம்ம சமாச்சாரம்னு தோணுது. அதான் சொன்னேன்."

"அவன் வாய் வேணாம். உங்க வாய்ல சொல்லுங்க. எப்படி வந்தாலும் பரவாயில்ல. ரெண்டே வார்த்தை பேசற திருத்தணி ஐயாகூட நான் மூணு வருஷம் பேசிகினு இருக்கேன். எனக்குப் புரியும்."

ஒரு டிராக்டர் போனது. அது தாண்டியதும் அவன் ஆரம்பித்தான்.

"பந்தல் போடும்போது எல்லாரும் சிரிச்சுகினுதான் இருப்பாங்க. நான் மறுநாளும் போறவன். பிரிக்கிறதுக்கு. நம்ம பேச்சு முடிஞ்ச வருஷம், தை மாசம், அம்மையார்குப்பத்துல ஒரு கல்யாணம். மறுநாள் காலையில மூங்கிலை அவுத்துகினு இருக்கேன். மாப்பிள்ளை பையன் வந்தான். 'அண்ணா, இன்னும் ரெண்டு நாள் பந்தலை விட்டு வையேன்'னான். ஏன்டா கண்ணு, விசேஷம் ஏதாச்சும் பாக்கி இருக்குதான்னேன். 'இல்லண்ணா, பிரிச்சுட்டா வீட்டுக்குள்ள போகணும்'னான். அந்த மூஞ்சி எனக்கு மறக்கல தபிதா. சாப்பிட உக்காந்தா அது வருது."

தபிதாள் இப்போது உட்கார்ந்தாள். நாற்காலி ஈரமாக இருந்தது. மூன்று வருஷத்தில் அவன் சொந்தமாகச் சொன்னது இது ஒன்றுதான். கேட்கும்போது கோபம் ஒரு பிடி குறைந்தது. அடுத்த நிமிஷமே ஏறிக்கொண்டது. இதைச் சொல்ல இவனுக்கு ஒரு ஆடிக்கிருத்திகையும் ஒரு கூரையும் வேண்டியிருந்ததா?

"சரி. பயம். அவ்வளவுதானே? கேளுங்க. வேணாம்னா வேணாம்னு இப்ப சொல்லுங்க. நான் திரும்பிப் போய் தேவயானி அம்மா கால்ல விழறேன், இன்னும் வேற பொண்ணு வரல. வேணும்னா வேணும்னு சொல்லுங்க. பயத்தோடவே வாங்க. பயந்துகினு இருக்கிறவங்களைப் பார்த்துக்கிறதுதான் நான் செய்யற வேலை. ரெண்டும் சொல்லாம மட்டும் நிக்காதீங்க. ஒண்ணாம் தேதி எனக்குப் படுக்க எடம் இல்ல."

இஸ்ரேல் குழாயைக் கையில் எடுத்தான். வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை ஓலை படிக்கட்டும். அப்பால பார்த்துக்கலாம்."

*

சனிக்கிழமை அண்ணன் வீட்டில் அதைச் சொன்னாள். ஜெபக்குமார் பஸ் கண்டக்டர். எல்லாவற்றையும் விசில் ஊதி முடிக்கிற சுபாவம்.

"நீ கம்முனு இரு. மூணாவது ஓலை முடிஞ்சா அவனால ஓட முடியாது. கட்டிப் போட்ட மாதிரிதான்."

தபிதாளுக்குக் கட்டில்தான் ஞாபகம் வந்தது. நோயாளியைக் கட்டிலோடு கட்டிப் போடக்கூடாது என்பது பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. கட்டினால் முறுக்கிக்கொண்டு இறங்கப் பார்ப்பார்கள். கட்டாமல் விட்டால் விழுவதைவிட மோசமாக விழுவார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அதை இரண்டு வீட்டில் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆண்கள் பக்கத்துச் சுவரோரம் இஸ்ரேல் உட்கார்ந்திருந்தான். சபைக்கு மைக் செட் அவன் கொடுத்ததுதான். வாரா வாரம் ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில்தான் அவன் இடம். அறிவிப்புகள் வந்தன. வாலிபர் கூட்டம், அறுப்பின் பண்டிகைக் காணிக்கை. போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"கனகம்மாசத்திரம் இஸ்ரேல் என்பவருக்கும், கே.ஜி.கண்டிகை தபிதாள் என்பவருக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது. இது இரண்டாம் ஓலை. இதற்குத் தடை அறிந்தவர் எவராயினும் இப்போது அறிவிக்கலாம்."

இரண்டு விநாடி நிறுத்துவது வழக்கம். யாரும் எழுந்ததாக அந்தச் சபையில் சரித்திரம் இல்லை. போதகர் தாளை மடிக்கப் போனார்.

தபிதாள் எழுந்தாள்.

"தடை இருக்குதுங்க ஐயா."

முக்காடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. இந்தத் தடவை சாக்கு எதுவும் தேவைப்படவில்லை.

"தபிதாள், உட்காரும்மா. ஆராதனை முடிஞ்சு பேசிக்கலாம்."

"இப்ப அறிவிக்கலாம்னு இப்பதானே ஐயா கேட்டீங்க?"

பின்பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். போதகர் தாளைக் கீழே வைத்தார். "இன்னா தடை?"

"மாப்பிள்ளைக்கு மனசு இருக்குதா இல்லையான்னு தெரியல. அதுதான் தடை. அவர் இங்கதான் இருக்கார். ஐயாவே கேட்டுடுங்க. இருக்குதுன்னு சொன்னா நான் மன்னிப்பு கேட்டுகினு உக்காந்துக்கிறேன்."

ஜெபக்குமார் தலையைக் குனிந்துகொண்டான். போதகர் சுவரோரம் பார்த்தார். "இஸ்ரேல், சொல்லுப்பா."

இஸ்ரேல் எழுந்தான். மைக் கிறீச்சிட்டது. குனிந்து திருகைத் திருப்பி அதை அடக்கினான். நிமிர்ந்த பிறகும் கை அந்தத் திருகின்மேலேயே இருந்தது. ஆம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். முழுச் சபையும் காத்திருந்தது. தபிதாள் தன் கடிகாரத்தில் நாடி எண்ணுகிற பழக்கத்தில் விநாடிமுள்ளைப் பார்த்தாள். நாற்பது விநாடி.

"தெரியல ஐயா" என்றான்.

"அவ்வளவுதான் ஐயா" என்று தபிதாள் உட்கார்ந்தாள். போதகர் அந்தத் தாளை வேதாகமத்துக்குள் வைக்காமல் அங்கிப்பைக்குள் வைத்துக்கொண்டு பாட்டு எண்ணைச் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணன் பிடித்துக்கொண்டான். "மானத்தை வாங்கிட்ட. இனிமே யாரு உன்னைக் கேட்டு வருவான்?"

"வர்றவன் சொந்தமா பேசத் தெரிஞ்சவனா வரட்டும்."

இஸ்ரேல் வேப்பமரத்தடியில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்தாள். மூத்திரம் அடைத்து ஒருநாள் முழுக்கத் துடித்தவனுக்குக் குழாய் போட்டதும் முகத்தில் ஒரு தெளிவு வருமே, அந்தத் தெளிவு. மூன்று வருஷத்தில் அவளுக்கு அதைவிட எரிச்சலூட்டிய எதையும் அவன் செய்ததில்லை.

"தபிதா, ஒரு மூணு மாசம் குடு. நானே வந்து ஐயாகிட்ட ஓலைக்கு எழுதிக் குடுக்கிறேன்."

"எழுதிக் குடுங்க. உங்க பேருக்கு எதிர்ல என் பேரை மட்டும் போடாதீங்க."

*

தேவயானி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லும்படி தபிதாளும் கேட்கவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே வந்தவள் பெயர் எவாஞ்சலின், இருபத்திரண்டு வயது. அந்த இரண்டு நாளும் கூட இருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாள் தபிதாள். இரண்டு மணிநேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடுவது, குதிகாலுக்கு எண்ணெய், கஞ்சியின் கெட்டி, எந்தப் பக்கமாக ஊட்டுவது.

"இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்த?"

"அரக்கோணத்துலதான் அக்கா. ஒரு பாட்டியம்மா, இடுப்பெலும்பு ஒடஞ்சவங்க. இது எங்க அக்கா வீட்டுக்குக் கிட்டன்னு வந்துட்டேன்."

"அங்க இப்ப ஆள் இருக்குதா?"

"இல்லக்கா. தேடிகினு இருக்காங்க. போன் போட்டுத் திட்டினாங்க."

"நம்பரைக் குடு."

ஒண்ணாம் தேதி காலையில் ஜெகநாதன் அவளைப் பார்க்க மறுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் முதுகுக்குக் கீழே விரிப்பு சுருங்கியிருந்தது. சுருக்கம் இருந்தால் அங்கேதான் புண் ஆரம்பிக்கும். அதை இழுத்துச் சமன் செய்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அரக்கோணத்து வீட்டில் பாட்டியம்மாளின் மகன் முரளிதரன் அவளை உட்காரவைத்து, சான்றிதழை இரண்டு பக்கமும் புரட்டினார். அவருக்கும் சலிப்புத்தான் இருந்தது.

"முன்ன இருந்த பொண்ணு பாதியில போயிடுச்சும்மா. நீங்களும் கல்யாணம் கில்யாணம்னு ஒருநாள் சொல்லிட்டு, அப்புறம் இல்லைன்னு வந்து நின்னு... எங்களுக்குத் தாங்காது."

"போறதா இருந்தா ஒரு மாசம் முன்னாடி சொல்லுவேங்க" என்றாள் தபிதாள். "சொன்னா, போயிடுவேன். அம்மா காலையில எத்தினி மணிக்கு எழுந்துப்பாங்க?"